குடவோலையும் கேள்வித்தாளும்

இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெருவுக்கு நகராட்சியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். கையில் ஒரு கட்டு அச்சடித்த தாள். நகர அபிவிருத்தி பற்றிப் பொதுமக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுகிறோம் என்றார். ஒன்பது கேள்விகள். அவற்றில் ஒன்று: 'நமது குளக்கரை சுத்தமாகவும் அழகாகவும் மேம்படுத்தப்பட வேண்டும் என்று கருதுகிறீர்களா?' பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். நான் 'ஆம்' என்பதில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வெயிலில் வந்திருந்தார், மோர் கொடுத்து அனுப்பினோம். எட்டு மாதங்கள் கழித்து, குளக்கரையில் வெகுகாலமாக வசித்துவந்த நாற்பது குடும்பங்கள் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடப்பட்டன. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, நகரவாசிகளில் மிகப் பெரும்பாலோர் இதை விரும்பினார்கள் என்பது. அந்தப் பெரும்பாலோரில் நானும் ஒருவன்.

பாவமன்னிப்புக் கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. இதில் ஒரு தர்க்கப் பிரச்னை இருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. வந்த இளைஞர் நான் குறியிட்டதை மாற்றவில்லை. எண்ணியவர்கள் சரியாகத்தான் எண்ணியிருப்பார்கள். எந்தெந்த வீடுகளுக்குப் போவது என்பதற்கு அவர் கையில் சொத்துவரிப் பட்டியல் இருந்தது. குளக்கரைக் குடிசைகளுக்கு வரி எண் கிடையாது. ஆகவே அங்கே போகவில்லை. ஒவ்வொரு படியும் ஒழுங்கு. மொத்தத்தில் அநியாயம். பொய்யே இல்லாத இடத்தில் அநியாயம் எப்படி நுழைகிறது?

இந்தக் கேள்வியைத் தொடர்வதற்கு முன் நம் வட்டத்தின் மனோபாவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜன அபிப்ராயம், கணக்கெடுப்பு, சதவீதம் என்றாலே நம்மில் பலருக்கு ஓர் இளப்பம் உண்டு. உண்மை தலை எண்ணி நிர்ணயமாவதல்ல என்பதை இலக்கியத்தில் கற்றுக்கொண்டவர்கள் நாம். முந்நூறு பிரதி அச்சாகும் பத்திரிகையில் எழுதுபவன் வேறு எதை நம்ப முடியும்? கவிதை விஷயத்தில் இது சரி. ஆனால் ஒரு கவிதை நல்லதா என்று தீர்மானிக்கத் தலை எண்ண வேண்டாம் என்பதிலிருந்து, ஒரு தெருவில் குடிதண்ணீர் வருகிறதா என்று தீர்மானிக்கவும் தலை எண்ண வேண்டாம் என்று போய்விட முடியாது. தன் வீட்டுக் குழாயைப் பற்றி அந்த வீட்டுக்காரிக்குத் தெரிந்த அளவு எந்த அறிவாளிக்கும் தெரியாது. அவளைக் கேட்காமல் முடிவு செய்பவன் ரசனையால் உயர்ந்தவன் அல்ல, அதிகாரத்தால் உயர்ந்தவன். பெரும்பான்மையை வெறுப்பதும் பெரும்பான்மையின் பெயரில் ஆள்வதும் ஒருவிதத்தில் ஒன்றுதான். இரண்டிலும் அவளை யாரும் கேட்பதில்லை.

ஆகவே கேட்கத்தான் வேண்டும். எப்படிக் கேட்பது என்பதற்கு நம்மிடமே ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. உத்திரமேரூர்க் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட சாசனங்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறை அதில் இருக்கிறது. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருக்கிறது. குடும்புதோறும் தகுதியுள்ளவர்கள் பெயர் ஓலையில் எழுதப்படுகிறது. ஓலைகள் குடத்தில் இடப்படுகின்றன. குடத்தை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்ட வேண்டும். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். கையை மூடினால் ஓலை மாறிவிடலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பதவியிலிருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது. அவன் உறவினர் பெயரும் போகக் கூடாது. மனித சுபாவத்தைப் பற்றி எந்த மயக்கமும் இல்லாதவர்கள் எழுதிய விதிகள் இவை.

இந்தச் சிறுவனைப் பற்றி நினைத்துப் பார்க்கிறேன். அவனுக்கு யார்மீதும் விருப்பு வெறுப்பு இல்லை. இன்றைய புள்ளியியல்காரர்கள் எண் அட்டவணையைக் கொண்டு செய்வதை அவன் கை செய்கிறது. நியாயம் என்பதன் ஒரு பொருள் இதுதான்: தேர்ந்தெடுக்கும் கைக்கு விருப்பம் இருக்கக் கூடாது. ஆனால் சாசனத்தை முழுக்கப் படித்தால் வேறொன்றும் தெரிகிறது. ஓலையில் பெயர் எழுதப்படுவதற்கு வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும்; சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும்; வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும்; வேதம் அறிந்திருக்க வேண்டும். கூடுதல் படிப்பு இருந்தால் நிலத்தில் கொஞ்சம் சலுகை உண்டு. உத்திரமேரூர் ஒரு பிரம்மதேயம். அந்தச் சபை பிராமணர்களின் சபை. அந்த நிலத்தை உழுதவர்கள், அந்த வீடுகளைக் கட்டியவர்கள், பெண்கள் — எவர் பெயரும் ஓலையில் இல்லை. சிறுவனின் கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் குடத்தில் இல்லாத ஓலையை அது எடுக்க முடியாது.

சொந்த மனையில் வீடு, வரி செலுத்தும் சொத்து. ஆயிரத்து நூறு வருஷங்கள் கழித்து எங்கள் தெருவுக்கு வந்த இளைஞரின் பட்டியலும் அதே நிபந்தனையைத்தான் போட்டிருந்தது, வேதம் நீங்கலாக. உத்திரமேரூரில் நிபந்தனையைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். இங்கே அது ஓர் அலுவலக வசதியாக, யாரும் தீர்மானிக்காமலே வந்து உட்கார்ந்துவிட்டது. அந்தக் காலத்து அநியாயத்தைப் படித்தறிய முடிகிறது. நம்முடையதைப் படிக்கச் சுவர் இல்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். மாதிரிக் கணக்கெடுப்பின் தத்துவம் முழுதும் இந்தப் பழமொழியில் இருப்பதாகத் தோன்றும். ஓரளவு இருக்கவும் செய்கிறது. சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல எடுத்த ஆயிரம் பேரைக் கேட்டால், ஊர் ஐம்பதாயிரம் ஆனாலும் ஐந்து லட்சம் ஆனாலும், கிடைக்கும் விடை பெரும்பாலும் மூன்று சதவீதத்துக்கு மேல் பிசகாது; நானூறு பேர் என்றால் ஐந்து சதவீதம். ருசி பார்க்கும் கரண்டியின் அளவு பானையின் அளவைப் பொறுத்ததல்ல. ஆனால் பழமொழி ஒன்றை அனுமானித்துக்கொள்கிறது: பானை முழுக்க ஒரே தீ, ஒரே கொதி. சமூகம் அப்படிக் கொதிப்பதில்லை. மேலே வெந்து குழைந்திருக்கும்போது அடியில் அரிசியாகவே கிடக்கும். மேலாக எடுத்த ஒரு கரண்டியை நூறு கரண்டியாக்கினாலும் அடிப்பானை தெரியப்போவதில்லை.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் 1936-ல் அமெரிக்காவில் நடந்தது. 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் சுமார் ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கு மேல் திரும்பப் பெற்றது. அத்தனை பெரிய கரண்டி. லாண்டன் ஜெயிப்பார் என்று சொன்னது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ல் ஜெயித்தார். பத்திரிகை விலாசங்களை எடுத்தது பெரும்பாலும் தொலைபேசிப் புத்தகங்களிலிருந்தும் கார் பதிவேடுகளிலிருந்தும். பொருளாதார மந்தம் தீராத காலத்தில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் யார்? அதிலும், சிரமம் எடுத்துச் சீட்டைத் திருப்பி அனுப்பியவர்கள் யார்? அதே தேர்தலில் காலப் அதில் ஒரு சிறு பங்கு பேரை மட்டும் கேட்டு ரூஸ்வெல்ட் என்று சரியாகச் சொன்னார். எண்ணிக்கையின் பிரம்மாண்டம் நம்பகம் ஆகாது.

நம்பகத்துக்கு வேறு வழிகள் உண்டு. மகலனோபிஸ் வங்காளத்தில் சணல் பயிர்க் கணக்கெடுப்பு நடத்தியபோது செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே பிரதேசத்தில் இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, இரண்டு தனித்தனிக் குழுக்களைக் கொண்டு அளக்கச் செய்தார். இரண்டு விடையும் ஒத்துப்போனால் சரி. விலகினால், அந்த விலகலே அளந்தவர்களின் பிசகைக் காட்டிக்கொடுக்கும். தன் தவறைத் தானே பிடிக்கும் ஏற்பாட்டை ஆரம்பத்திலேயே உள்ளே வைத்துவிடுவது. விமர்சகன் பொறாமைப்பட வேண்டிய ஒழுக்கம் இது. ஆனால் இங்கும் எச்சரிக்கை தேவை. இரண்டு குழுக்களையும் அதே வரிப் பட்டியலோடு எங்கள் ஊருக்கு அனுப்பியிருந்தால் இரண்டும் அற்புதமாக ஒத்துப்போயிருக்கும். நம்பகம் வேறு, நியாயம் வேறு. தராசு ஒவ்வொரு தடவையும் ஒரே எடை காட்டலாம். தட்டில் யாரை ஏற்றவில்லை என்று தராசு சொல்லாது.

நடைமுறையில் இது மிகச் சாதாரணமான காரியங்களில் வந்து நிற்கிறது. பட்டியலை நம்பாமல் தெருத்தெருவாக நடந்து, கதவு எண் இருக்கிறதோ இல்லையோ, அடுப்பு எரியும் இடத்தையெல்லாம் வீடு என்று எழுதிக்கொள்வது. சீட்டில் வந்த வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு முடித்துவிடாமல் மாலையிலும் மறுநாளும் திரும்பப் போவது. காலை பதினோரு மணிக்கு வீட்டில் இருப்பவர்களை மட்டும் கேட்டால் ஓய்வு பெற்றவர்களின் நகரம் ஒன்று கிடைக்கும். ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விட்டவர்களின் நகரம் கிடைக்காது. வீட்டுக்குள்ளும் யார் பேசுவது என்பதற்குச் சீட்டு வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் சுமப்பவள் நிலைக்குப் பின்னால் நிற்க, சுமக்காதவன் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் பற்றி அபிப்ராயம் சொல்வான். பிறகு, கேட்பவர் யார்? நகராட்சியைப் பற்றி நகராட்சி ஆளே வந்து கேட்டால், ரேஷன் கார்டும் பட்டாவும் ஞாபகம் வராமல் ஓர் ஏழை பதில் சொல்வான் என்று எதிர்பார்ப்பது அவனை அறியாதவர்களால்தான் முடியும்.

இனிக் கேள்விக்கு வருகிறேன். என் தவறு அங்கேதான் இருக்கிறது. வார்த்தைகளைச் சந்தேகிப்பதைத் தொழிலாக வைத்துக்கொண்டிருக்கிறவன், 'மேம்படுத்தப்பட' என்ற வார்த்தையின் முன் சந்தேகமில்லாமல் நின்றேன். யார் மேம்படுத்துவது, யாரை அகற்றிவிட்டு என்பதெல்லாம் அந்தச் செயப்பாட்டு வினைக்குள் போய் ஒளிந்துகொண்டது. சுத்தமும் அழகும் வேண்டாம் என்று எவன் சொல்வான்? 'குளக்கரையில் இருக்கும் நாற்பது குடும்பங்களை அப்புறப்படுத்தி நடைபாதை போடலாமா?' என்று கேட்டிருந்தால் என் தெருவில் எத்தனை பேர் ஆம் என்றிருப்பார்கள்? பலர் அப்போதும் ஆம் என்றிருக்கலாம். ஆனால் அது அவர்கள் சொன்ன ஆமாக இருந்திருக்கும்.

வார்த்தை மாறினால் விடை மாறும் என்பது ஊகமல்ல. டொனால்ட் ரக் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனை 1941-ல் வெளியானது. ஜனநாயகத்துக்கு எதிரான மேடைப் பேச்சுகளை 'அனுமதிக்கலாமா' என்று ஒரு சாராரிடமும், 'தடை செய்யலாமா' என்று மற்றொரு சாராரிடமும் கேட்டார். அனுமதிக்கக் கூடாது என்றவர்கள் 62 சதவீதம். தடை செய்ய வேண்டும் என்றவர்கள் 46 சதவீதம். அனுமதிக்காததும் தடை செய்வதும் சட்டத்தின் முன் ஒன்றே. மனதின் முன் ஒன்றல்ல. தடை என்ற வார்த்தைக்குப் போலீஸ் வாசனை உண்டு. பின்னால் சின்சினாட்டியில் ஜார்ஜ் பிஷப்பும் அவர் சகாக்களும் இன்னும் குரூரமான ஒரு காரியம் செய்தார்கள். இல்லவே இல்லாத ஒரு சட்டத்துக்கு '1975-ம் வருஷத்துப் பொது விவகாரச் சட்டம்' என்று பெயர் வைத்து, அதை ரத்து செய்யலாமா என்று கேட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அபிப்ராயம் சொன்னார். அபிப்ராயம் இல்லை என்று சொல்லவும் இடமுண்டு என்று முன்கூட்டியே தெரிவித்தபோது அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஜனங்களின் அசட்டுத்தனத்துக்கு இதை நிரூபணமாகக் கொள்பவர்கள் உண்டு. எனக்கு இதில் தெரிவது மரியாதை. ஒருவன் வாசலுக்கு வந்து கேட்கிறான். தெரியாது என்று அவனை வெறுங்கையோடு அனுப்ப மனம் வருவதில்லை. நான் மோர் கொடுத்ததும் ஆம் கொடுத்ததும் ஒரே மனநிலையில்தான்.

பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு 1973-ல் வெளியான கட்டுரையில், பொது அபிப்ராயம் என்று ஒன்று இல்லை என்று ஒரேயடியாகச் சொன்னார். கணக்கெடுப்புகள் மூன்றை அனுமானித்துக்கொள்கின்றன என்பது அவர் வாதம்: எல்லோராலும் அபிப்ராயம் கொள்ள முடியும், எல்லா அபிப்ராயங்களுக்கும் ஒரே எடை, எந்தக் கேள்விகள் கேட்கத் தகுந்தவை என்பதில் எல்லோருக்கும் ஒப்புதல் உண்டு. மூன்றாவதுதான் கூர்மையானது. குளக்கரைக்காரர்களிடம் கேள்வித்தாள் தயாரிக்கும் வேலையைக் கொடுத்திருந்தால், 'அழகு' அதில் வந்திருக்காது. கழிப்பிடமும் பட்டாவும் வந்திருக்கும். கேள்வியை எழுதுபவன் விடையின் எல்லையையும் எழுதிவிடுகிறான்.

பூர்தியுவோடு ஓரளவு வரை போகலாம். அதற்கு மேல் போனால் யாரையும் எதையும் கேட்கவே வேண்டாம் என்று ஆகிவிடும், அதிகாரிகளுக்கு அதைவிட இனிப்பான முடிவு கிடையாது. இந்த இடத்தில் பெங்களூரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே 1994-ல், பொருளாதார அறிஞர் சாமுவேல் பால் முன்னின்று, நகரத்தின் பொதுச் சேவைகளுக்கு ஜனங்கள் மதிப்பெண் போடும் 'ரிப்போர்ட் கார்டு' ஒன்று வெளியானது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல மாநகராட்சிக்கு, குடிநீர் வாரியத்துக்கு, மின்வாரியத்துக்கு. 1999-லும் 2003-லும் மறுபடி செய்தார்கள். கேட்டவர்கள் அரசாங்க ஆட்கள் அல்ல. குடிசைப் பகுதிகளைத் தனியாக, அவற்றின் கணக்கு நடுத்தர வர்க்கக் கணக்கில் கரைந்துவிடாதபடி, எடுத்தார்கள். முடிவுகளைப் பத்திரிகைகளில் போட்டார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், என்ன நினைக்கிறீர்கள் என்பதோடு நிற்காமல் என்ன நடந்தது என்று கேட்டார்கள். எத்தனை தடவை நடந்தீர்கள்? காரியம் முடிந்ததா? லஞ்சம் கொடுத்தீர்களா? அபிப்ராயத்தை வாசலில் வைத்தே உற்பத்தி செய்துவிட முடியும். அனுபவத்தை அப்படிச் செய்ய முடியாது. இல்லாத சட்டத்தைப் பற்றி அபிப்ராயம் சொன்னவன்கூட, இல்லாத அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தேன் என்று சொல்லமாட்டான். கேட்பவன் முதலில் அனுபவத்தைக் கேட்க வேண்டும். அபிப்ராயம் அதன் பின்னால், அதன் கையைப் பிடித்துக்கொண்டு வரட்டும்.

ஓர் ஆட்சேபம் உண்டு. தாள், கட்டம், சதவீதம் எல்லாம் எதற்கு? ஜனங்களை ஓரிடத்தில் கூட்டிப் பேச விட்டால் என்ன? தமிழ்நாட்டில் 1994-ம் வருஷத்து ஊராட்சிகள் சட்டம் கிராம சபைக்கு இடம் தந்திருக்கிறது. வருஷத்துக்கு நான்கு நாட்கள் என்றிருந்ததை 2022-ல் ஆறாக்கினார்கள்; நகரங்களுக்கும் அதே வருஷம் பகுதி சபைகள் வந்தன. கேள்வியை எதிர்க்கேள்வியால் உடைக்க அங்கே முடியும். தாளில் அது முடியாது. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்தாயிரத்துக்கு மேல் ஜனங்கள் உள்ள ஊராட்சியில் சபை செல்லுபடியாக முந்நூறு பேர் வந்தால் போதும். அந்த முந்நூறு பேர் யார்? வரத் தைரியமுள்ளவர்கள், வரச் சொல்லப்பட்டவர்கள், அன்றைய கூலியை இழக்க முடிந்தவர்கள். அதற்குள்ளும் பேசுகிறவர்கள் பத்துப் பேர். தலைவரின் நிலத்தில் கூலி வேலை செய்பவன் தலைவருக்கு எதிரில் எழுந்து என்ன பேசிவிட முடியும்? சீட்டில் தேர்ந்த முந்நூறு பேரிடம், அவரவர் வாசலில், தனியாக, ஊருக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் கேட்டால் கிடைப்பது அதைவிடப் பல மடங்கு ஊருக்கு நெருக்கமாக இருக்கும். எழுந்து பேச முடியாதவளுக்கு எழுந்து பேசாமலே ஓர் இடம் — நல்ல கணக்கெடுப்பின் தார்மீகம் இது. சபை கேள்வியைச் சோதிக்கட்டும், கணக்கெடுப்பு சபையைச் சோதிக்கட்டும். மகலனோபிஸின் இரண்டு குழுக்களைப் போல.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் ஒன்று மிச்சமிருக்கிறது. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-ல், ஜனங்களின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். கருத்துக் கேட்பது அதில் கீழிருந்து நான்காவது படி. கேட்டதற்குப் பலன் இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லாதவரை அது வெறும் ஒப்புக்கு என்பது அவர் கணக்கு. நான் வேலை பார்க்கும் இடத்தில், கவுண்டரில் ஒரு ரூபாய் வாங்கினாலும் ரசீது கொடுக்காமல் அனுப்ப முடியாது. என்னிடம் அபிப்ராயத்தை வாங்கிப் போனவர்கள் ரசீது கொடுக்கவில்லை. அது எங்கே வரவு வைக்கப்பட்டது, எதற்குச் செலவானது என்று எனக்குச் சொல்லப்படவில்லை. கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது என்ற உத்திரமேரூர் விதியை இன்று கேள்வி கேட்பவர்களுக்குப் போட வேண்டும்: போன தடவை வாங்கிய விடைகளை என்ன செய்தீர்கள் என்று சொல்லாதவர்களுக்கு அடுத்த தடவை கேட்கும் உரிமை கிடையாது.

இப்போது குளக்கரையில் நடைபாதை இருக்கிறது. நன்றாகவே போட்டிருக்கிறார்கள், விளக்கும் உண்டு. மாலையில் சில நாட்கள் நானும் நடக்கிறேன். கேள்வித்தாளில் சொன்னபடி சுத்தமாகவும் அழகாகவும் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. என் விடை என் விருப்பத்தைச் சரியாகவே பதிவு செய்திருந்தது.

அந்த இளைஞர் மறுபடி வந்தால், தாளை வாங்குவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்பேன். யார் வீட்டுக்குப் போகவில்லை? இந்த வாக்கியத்தை எழுதியது யார்? அவருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தவர்களிடமிருந்து பதில் வரும்வரை என் கட்டங்கள் காலியாக இருக்கட்டும். மோர் கொடுக்கத் தடையில்லை.